ஆஃப் பண்ணிட்டுத்தான் கையை விட்டேன்

பனி பெய்த மறுநாள் வேலைக்குப் போகவே கிருபாராணிக்குப் பிடிக்காது. ரோடு வழுக்குவதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிற கைகளைத்தான் பார்க்கப் பிடிக்காது.

அவளுக்கு அங்கே ரத்தம் எடுக்கிற வேலை. நியூ ஜெர்ஸிக்கு வந்து பத்தொன்பது வருஷம், அதில் பதினாறு வருஷம் இதே ஆஸ்பத்திரி. ஊசியைக் குத்துவதற்கு முன் ஆட்காட்டி விரல் நுனியால் ஒரு தடவை தடவுவாள். கண்ணுக்குத் தெரியாத நரம்பு அந்த விரலுக்குத் தெரியும். இரண்டு பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கிழவிகளுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். விரல் போனால் என்ன போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனி நாளில் எமர்ஜென்சிக்கு ஆண்கள் ஒரு கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். கூட வருகிற மனைவியிடம் ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் இருக்கும். சில பைகளில் ஐஸ் மட்டும் இருக்காது. நல்ல கையை நீட்டச் சொல்லி கிருபாராணி ரத்தம் எடுப்பாள். அவள் ஒன்றும் கேட்பதில்லை. அவர்களாகவே சொல்வார்கள். பிளம்பர், பள்ளிக்கூட வாத்தியார், பாங்க் மேனேஜர், யாராக இருந்தாலும் வாயைத் திறந்ததும் வருவது ஒரே வாக்கியம்: ஆஃப் பண்ணிட்டுத்தான் கையை விட்டேன்.

முதல் இரண்டு வருஷம் கேட்கப் பாவமாக இருந்தது. அப்புறம் குமட்ட ஆரம்பித்தது. ரத்தம் அவளை ஒன்றும் செய்யாது, அந்த வாக்கியத்தைத்தான் காது தாங்காது.

பனி தள்ளும் மெஷினின் வாயில் ஒரு பெரிய திருகு இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு விசிறி. திருகு பனியை உள்ளே இழுக்கும், விசிறி அதைக் குழாய் வழியாகத் தூக்கி எறியும். ஈரப் பனி குழாயில் அடைத்துக்கொண்டால் விசிறி சுற்ற முடியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சினை நிறுத்தினாலும் அந்த முறுக்கு உள்ளேயே இருக்கும். அடைப்பை விரலால் நெம்பி எடுத்ததும் ஒரு அரைச் சுற்று சுற்றும். அரைச் சுற்று போதும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று விரல் துண்டாகிற படத்தையே மெஷின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். காலேஜ் படித்தவர்களுக்குத்தான் அந்தப் படம் விளங்குவதில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கே போன வருஷம் நவம்பரில் அந்த மெஷின் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் அவள் புருஷன் சுவிசேஷமுத்து. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் பார்க்கிற வேலை. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து, ஒரு அமெரிக்கச் சர்ச்சின் பேஸ்மென்ட்டை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ் ஆராதனை நடத்துகிறார்கள். அந்த ஐக்கியத்துக்கு அவர்தான் செயலாளர். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "அதுக்கென்ன மக்கா, எடுத்துட்டுப் போ." கிருபாராணியின் இட்லிக் கொப்பரை இரண்டு, நல்ல சூட்கேஸ் ஒன்று, கார் ஜம்பர் கேபிள் எல்லாம் இப்படிப் போய் எந்த வீட்டில் இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்னாலேயே அவள் ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதி வைத்தாள். வாசல் இரண்டு கார் அகலம், தார் போட்டது, சரிவு கொஞ்சம். வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் பெரிய பனி. ஆனால் ஊர் வண்டி ரோட்டைச் சுத்தம் பண்ணும்போது வாசல் முனையில் இடுப்பு உயரத்துக்குக் கெட்டியாக ஒரு சுவர் தள்ளிவிட்டுப் போகும், அதை உடைக்கத் திராணி வேண்டும். மெஷினைப் பிடித்துத் தள்ளப்போவது ஐம்பத்தி மூன்று வயசு மனுஷன், அவருக்கு முதுகு வலி. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடுத்தர சைஸ் தாராளம்.

முத்து அந்தக் கவரைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஐக்கியத்து குரூப்பைக் கேட்டார். அரை மணி நேரத்தில் நாற்பத்தி சொச்சம் பேர் பதில் போட்டார்கள். அதில் பாதிப் பேர் அப்பார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்கள், பனியை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வாங்கினா பெருசா வாங்குங்க அண்ணா, நாலு பேருக்கு ஆகும் என்றார்கள். அந்த நாலு பேருக்கு ஆகும் என்பதில்தான் அவர் விழுந்தார். கடையில் இருந்ததிலேயே பெரியது வீட்டுக்கு வந்தது. அதை உள்ளே விட்டால் கராஜில் அவள் காருக்கு இடமில்லை. பனி தள்ளும் மெஷின் பனியில் நனையாமல் உள்ளே இருந்தது. அவள் கார் வெளியே நின்று பனியில் புதைந்தது. விடிந்து எழுந்து வேலைக்குப் போகிறவள் தினமும் கண்ணாடியைச் சுரண்டினாள்.

கடையில் மெஷினை ஒப்படைத்த அம்மாளுக்கு அறுபது வயசிருக்கும், கையெல்லாம் கிரீஸ். பொறுமையாகக் காட்டினாள். இரண்டு கைப்பிடி. ஒன்றை அழுத்தினால் சக்கரம் நகரும், மற்றதை அழுத்தினால் திருகு சுற்றும். கையை எடுத்த மாத்திரத்தில் இரண்டும் நிற்க வேண்டும், ஐந்து எண்ணுவதற்குள் நிற்கவில்லை என்றால் மெஷினைத் தொடாதே. பெட்ரோல் ஊற்றுவது வெளியில், எஞ்சின் ஆறின பிறகு. சிவப்பு பிளாஸ்டிக் சாவியைப் பிடுங்கினால் எஞ்சின் அணைந்துவிடும். மெஷினின் தலையில் ஒரு கிளிப்பில் நீளமான கறுப்புக் குச்சி ஒன்று, நுனியில் சின்ன மண்வெட்டி மாதிரி தட்டை. அதை எடுத்து கிருபாராணியிடம் நீட்டி, அடைத்துக்கொண்டால் இதுதான் உன் கை, உன் கை உன் கையே இல்லை என்று நினைத்துக்கொள் என்றாள். கிருபாராணி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். முத்து மெஷின் பக்கத்தில் நின்று குரூப்புக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே வீட்டில் ஜெபக்கூட்டம். பெரியவர் ஒருவர் கராஜில் நின்று கண்ணை மூடி, இந்த வாகனத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணி நெற்றி மாதிரி இருந்த இடத்தில் எண்ணெய் தொட்டு வைத்தார். விரல் துண்டாகிற படத்தின் மேல்தான் வைத்தார். ஆமென் சொன்ன கையோடு முத்து இது நம்ம எல்லாருக்கும் பொது என்று அறிவித்தார். கிருபாராணி கேக் வெட்டிக் கொடுத்தாள்.

ஜனவரியில் முதல் பெரிய பனி. தங்கள் வாசலை முடித்ததும் இரண்டு தெரு தள்ளி இருக்கிற ரஞ்சித்குமார் வந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு போனான். முப்பத்தைந்து வயசுக்காரன், நல்ல பாட்டுக்காரன், ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவன். சாமான் ஏற்றி இறக்க வசதியாக அவனிடம் ஒரு வேன் இருந்ததால் ஐக்கியத்தின் சாப்பாட்டுப் பாத்திரங்களும் ஐஸ் பெட்டியும் எப்போதும் அதில்தான் கிடக்கும்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் சாப்பிட உட்கார்ந்தபோது குரூப்பில் அவன் போட்ட வீடியோ வந்திருந்தது. ஊரில் இருக்கிற அம்மாவுக்காக எடுத்தானாம். மெஷின் தன்பாட்டுக்கு முன்னால் ஊர்ந்து பனியை வீசிக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அம்மாவுக்கு டாட்டா காட்டியபடி அவன் பக்கத்தில் நடந்துபோகிறான். கைப்பிடியில் கையே இல்லை. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். முதல் கட்டைவிரல் முத்துவுடையது.

கிருபாராணி வீடியோவை நிறுத்தி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு கைப்பிடியையும் அழுத்தி வெள்ளை நூலால் கட்டியிருந்தது. அரிசி மூட்டை வாயைத் தைத்திருக்கிற நூல். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் வரும். தூர எறிய மனசு வராமல் அதைச் சுருட்டி டிராயரில் போட்டு வைக்காத தமிழ் வீடு நியூ ஜெர்ஸியில் கிடையாது. அவள் வீட்டு டிராயரிலும் ஒரு உருண்டை இருந்தது. கால் தடுக்கி விழுந்தால் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக யாரோ மண்டையைக் குழப்பிக் கண்டுபிடித்ததை இவன் அரிசி மூட்டை நூலால் கட்டிப்போட்டிருக்கிறான். பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் மெஷின் திரும்பி வந்தபோது நூல் அப்படியே இருந்தது. அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. ஆறு இழை முறுக்கி, பார்சல் கட்டுகிற மாதிரி அழகான முடிச்சு. கத்திரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள். தலையில் இருந்த கிளிப் காலி, குச்சியைக் காணோம்.

ரஞ்சித்தைக் கூப்பிட்டுக் குச்சியைக் கேளுங்கள் என்றாள் முத்துவிடம். அவர் அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு குச்சிக்குப் போயா போன் பண்ணச் சொல்லுக? பையன் என்ன நினைப்பான்?"

"அடைச்சா என்ன செய்வீங்க?"

"கையால தட்டி விட்டாப் போச்சு. ஆஃப் பண்ணிட்டுத்தானே கைய விடப்போறேன்."

கிருபாராணி அவரையே பார்த்தாள். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின முகம். எமர்ஜென்சியில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எல்லா முகத்தையும் போலவே இருந்தது. கராஜுக்குப் போய் சிவப்புச் சாவியைப் பிடுங்கித் தன் யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அதைத் தேடியவரிடம், குச்சி வந்தால் சாவி வரும் என்றாள். விளக்குமாற்றுக் கட்டை இல்லையா என்று கேட்டார். இருந்தது. ஆனால் இந்த மனுஷனை அவளுக்குத் தெரியும். கைக்கு எட்டுகிற இடத்தில் மெஷின் மேலேயே இருந்தால்தான் எடுப்பார், நாலு அடி நடந்து போய்க் கட்டையைக் கொண்டுவர மாட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு அடி பனி என்று டிவியில் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஆராதனை முடிந்து சாப்பாடு. அன்றைக்கு சிக்கன் பிரியாணி, ரஞ்சித்தின் மனைவி எழிலரசி பொறுப்பு. பெரிய அலுமினியச் சட்டி. கிருபாராணி தட்டோடு வரிசையில் நின்றாள். முன்னால் ஏழெட்டுப் பேர். எழிலரசி சட்டிக்குள் குனிந்து அடிப்பிடித்த சோற்றை எதனாலோ சுரண்டிச் சுரண்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். கறுப்பாக, நீளமாக, நுனியில் சின்ன மண்வெட்டி மாதிரி தட்டை.

பெட்ரோலும், ரோட்டு உப்பும், நாய்கள் மூத்திரம் பெய்த பனியும் பட்ட குச்சி. ஒரு பிரிஞ்சி இலை அதன் கழுத்தில் ஒட்டியிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"எழில், இது எங்கிருந்து வந்திச்சு?"

"வேன்ல கெடந்துச்சுக்கா. அவரு கார் கண்ணாடி ஐஸ் சுரண்டினாரு, அப்புறம் ஐஸ் பெட்டியில கெளறினோம். நல்ல நீளமா இருக்கா, சட்டி அடிவரைக்கும் போவுது."

"இது மெஷின் வாயில பனி குத்துற குச்சி."

எழிலரசி கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை வரிசையில் நிற்பவர்கள் மேல் போனது.

"கழுவிட்டுத்தான் போட்டேன்க்கா."

அந்தத் 'தான்' கிருபாராணியின் காதில் அமிலம் மாதிரி விழுந்தது. குச்சியை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, இது இன்ன சாமான், இன்ன இடத்தில் கிடந்தது என்று சொன்னாள். யாராவது தட்டைக் கீழே வைப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டு பெண்கள் வைத்தார்கள். மற்றவர்கள் ஒரு நிமிஷம் மென்று நிறுத்திவிட்டு மறுபடி மென்றார்கள். சூட்டுல எல்லாக் கிருமியும் செத்திரும் அக்கா என்று ஒருவன் சொல்ல, பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். முத்து இரண்டாம் தட்டில் பாதி வந்திருந்தார். அவளிடம் குனிந்து, இத இப்பச் சொல்லணுமா, அந்தப் புள்ள முகம் எப்படிப் போச்சு பாரு என்றார்.

வீட்டுக்கு வந்து குச்சியை வெந்நீரில் மூன்று தடவை கழுவினாள். கிராம்பு வாசனை போகவில்லை. அப்படியே கிளிப்பில் மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சொன்னபடியே பெய்தது. ஈரப் பனி, ஈயம் மாதிரி கனம். ஏழு மணி ஷிப்டுக்கு அவள் கிளம்பியாக வேண்டும், வாசல் முனையில் ஊர் வண்டி தள்ளின சுவர். முத்து குளிருக்குப் பயந்து கராஜுக்குள்ளேயே எஞ்சினைக் கிளப்பப் பார்த்தார். வெளியே தள்ளிக் கொண்டுபோனால்தான் சாவி என்று நின்றாள். புகை அடுக்களைக்குள் வந்து ஆளைச் சாய்க்கும் என்பதைப் பதினாறு வருஷத்தில் எத்தனை குடும்பத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். சாவி கொடுத்தாள்.

அவர் பனியைத் தள்ள, அவள் கார் கண்ணாடியைச் சுரண்டினாள். பாதி வாசல்வரை நன்றாகத்தான் போனது. முனைச் சுவரில் மூக்கைக் கொடுத்ததும் மெஷின் முனகியது, குழாயில் இருந்து வருவது நின்றது. முத்து கைப்பிடியை விட்டார். சுவிட்சைத் தட்டி எஞ்சினை அணைத்தார், சாவி அதிலேயே இருந்தது. முன்பக்கம் வந்து குனிந்தார். குச்சி அவர் தோளுக்கு நேராக கிளிப்பில் இருந்தது. கிளவுஸ் போட்ட வலது கை குழாயின் வாயை நோக்கிப் போனது.

அவள் கத்தவில்லை. இரண்டே எட்டில் போய், முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"சாவி."

"ஆஃப் பண்ணியாச்சு ராணி."

"சாவியக் கொடுங்க. அப்புறம் குச்சி."

ஆஸ்பத்திரியில வேல பாத்தா எல்லாத்துலயும் ரத்தம்தான் தெரியும்போல என்று சொல்லிக்கொண்டே சாவியைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் போட்டார். பாரு, சும்மா பஞ்சு மாதிரி இருக்கும் என்று அவளுக்குக் காட்டுகிற தோரணையில் குச்சியை எடுத்துக் குழாய்க்குள் விட்டு இரண்டு குத்து குத்தினார். மூன்றாவது குத்தில் ஒரு கட்டி உடைந்து விழுந்தது. உள்ளே டம் என்று ஒரு சத்தம். குச்சி அவர் கையை உதறிக்கொண்டு எகிறி, காரின் பானட்டில் பட்டுப் பனியில் விழுந்தது.

எஞ்சின் அணைந்திருந்தது. சாவி அவள் கையில் இருந்தது. தெருவில் வேறு சத்தமே இல்லை.

குச்சியை அவள்தான் எடுத்தாள். தட்டையான நுனியில் மூன்று விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக்கைக் காணோம். கடித்துத் துப்பின மாதிரி இருந்தது. முத்து தன் வலது கையை கிளவுஸோடு நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிர்ந்ததுதான், வேறொன்றும் இல்லை. அவர் வாயைத் திறந்தார். என்ன வாக்கியம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். வந்தால் அந்தக் குச்சியாலேயே அடித்துவிடுவோமோ என்று இருந்தது. வரவில்லை.

"முடிங்க," என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு டைம் ஆச்சு."

ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மூன்று கைகள் வந்தன. மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல முத்து எழுந்தார். கடித்த குச்சியைக் கையோடு கொண்டுவந்து தூக்கிக் காட்டினார். கர்த்தர் கடைசி நொடியில் என் கையைத் தடுத்தார், இந்தப் பத்து விரலும் அவர் போட்ட பிச்சை என்றார். அவர் குரல் தழுதழுத்தது, ஜனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள், ரஞ்சித்குமார் கீபோர்டில் மெதுவாக ஒரு ராகத்தைத் தொட்டு விட்டான். அந்தக் குச்சி கிளறின சோற்றைத் தின்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாட்சியில் சாவி வரவில்லை. ராணியும் வரவில்லை. கர்த்தரைச் சொன்னதில் அவளுக்குக் குறையில்லை. ராத்திரி முழங்காலில் நின்று அவளும்தான் நன்றி சொன்னாள். நூல் கட்டினவன் பின்னணி வாசிக்க, கையை விடப்போனவர் அழுகிற அந்தக் காட்சிதான் பச்சை எண்ணெயைக் குடித்த மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்து கோட்டை மாட்டும்போது ரஞ்சித் வந்தான்.

"அண்ணா, வியாழக்கிழமை இன்னொன்னு வருதாம். மெஷின்..."

முத்துவின் வாய் பழக்கத்தில் திறந்தது. அதுக்கென்ன மக்கா என்பதற்குண்டான முகம்கூட வந்துவிட்டது. பிறகு கையிலிருந்த குச்சியை ஒரு தடவை பார்த்தார்.

"சாவி உங்க அக்காகிட்ட இருக்கு," என்றார்.

ரஞ்சித் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். கைப்பிடியில் நூலை எதுக்குக் கட்டினாய் என்று கேட்டாள். சும்மா வீடியோவுக்கு அக்கா, அம்மா ஆசப்பட்டாங்க என்றான்.

"உங்க அம்மைக்கு உன் கை வேணும். மெஷின் தர மாட்டேன்."

சுற்றிலும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எழிலரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி இந்த நாற்பது குடும்பத்தில் அவள் பேர் என்னவாகும் என்று கிருபாராணிக்குத் தெரியாதா. ஆகட்டும். அவள் முத்துவைப் பார்த்தாள். பதமாக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்தான்.

காரில் பாதி தூரம் வந்தபிறகுதான் பேசினார். இன்னும் கொஞ்சம் நல்ல விதமாச் சொல்லியிருக்கலாம் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவரிடம் திரும்ப வாங்கிக்கொண்ட சாவி கோட்டுப் பைக்குள் விரலில் இடறியது. முன்னால் ஸ்டியரிங் மேல் அவர் இரண்டு கையும் இருந்தன, முட்டியெல்லாம் குளிரில் சிவந்து. அவளையும் அறியாமல் கண் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எண்ணிக்கொண்டு போனது. பத்து. எண்ணினதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.